எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினால் போதுமா?

கேள்வி: வவுனியா மாவட்டத்தில் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் தரம் 6 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் வன்னியைப் பூர்வீகமாகக் கொண்ட பிள்ளைகளோடு, மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும், புத்தளத்திலிருந்து மீளக்குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும், தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய மாணவன் ஒருவனும் இருக்கிறார்கள். இவ்வருடம் அநுராதபுரத்திலிருந்து ஒரு சிறுமி சேர்ந்திருக்கிறாள். தாய் சிங்களவர், தந்தை தமிழர். தரம் 5 வரை சிங்களமொழிமூலம் படித்தவள். வகுப்பில் வாயே திறப்பதில்லை. திறந்தால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். மலையக வம்சாவளிப் பிள்ளைகளின் பேச்சையும் கேலி செய்கிறார்கள். "பேதம் பார்க்காமல் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துங்கள்" என்கிறார் அதிபர். வீட்டில் சிங்களம் கதைப்பதை நிறுத்தும்படி சிறுமியின் தாயிடம் சொல்லலாமா? தவணைப் பரீட்சையில் அவளுக்கு எப்படிப் புள்ளி இடுவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கேள்விகளில் அவசரமானது தாயைப் பற்றியது. ஆகவே அதை முதலில் எடுக்கிறேன். வீட்டில் சிங்களம் கதைப்பதை நிறுத்தும்படி அவரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். பல ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லிவிடுகின்ற ஆலோசனைதான் இது. ஆனால் அதைக் கேட்டு நடக்கும் வீடுகளில் பிள்ளை தமிழைக் கூடுதலாகக் கற்பதில்லை. தாயோடு கதைப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். தனக்குச் சரளமாக வராத மொழியில் ஒரு தாய் "சாப்பிடு", "படி", "நேரத்தோடு படு" என்பவற்றுக்கு அப்பால் போகமாட்டார். இந்த ஆண்டு மழை ஏன் பிந்துகிறது, கோபித்துக்கொண்ட சிநேகிதியை எப்படிச் சமாதானப்படுத்துவது என்பன போன்ற, பிள்ளையைச் சிந்திக்கவைக்கும் பேச்சுகள் அந்த வீட்டில் நின்றுபோகும். காரணம் சொல்லவும் ஒப்பிடவும் ஒரு நிகழ்ச்சியை ஒழுங்காக எடுத்துரைக்கவும் ஒரு மொழியில் பழகிய பிள்ளை அத்திறன்களை இரண்டாவது மொழிக்கும் கொண்டுசெல்கிறது என்பதைக் கனடாவைச் சேர்ந்த கல்வியியலாளர் ஜிம் கமின்ஸ் 1979 ஆம் ஆண்டிலேயே ஒரு கருதுகோளாக முன்வைத்தார்; இருமொழிக் கல்வி பற்றிப் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதன் பக்கமே நிற்கின்றன. தாய் இரவில் சிங்களக் கதைப்புத்தகத்தை மகளோடு சேர்ந்து வாசிக்கட்டும். அன்று வகுப்பில் படித்த பாடம் எதைப் பற்றியது என்று சிங்களத்திலேயே அவளிடம் கேட்கட்டும். தமிழ் கற்பிக்கும் பொறுப்பு பாடசாலைக்கும் தந்தைக்கும் உரியது.

இதே ஆய்வாளர் சொன்ன இன்னொன்றும் உங்களுக்குப் பயன்படும். கனடாவுக்குக் குடிபெயர்ந்து வந்த பிள்ளைகளை ஆராய்ந்தபோது, அன்றாடப் பேச்சுமொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவந்துவிடுகிறது என்றும், பாடநூலை விளங்கி விடை எழுதுவதற்கான மொழி வகுப்பிலுள்ள மற்றவர்களின் நிலைக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகளாவது செல்கிறது என்றும் அவர் கண்டார். ஆகவே அடுத்த ஆண்டு இச்சிறுமி முற்றத்தில் மற்றப் பிள்ளைகளோடு சரளமாகக் கதைத்து விளையாடுவதைப் பார்த்துவிட்டு, "தமிழ் வந்துவிட்டது, படிப்புத்தான் வரவில்லை" என்று யாராவது முடிவு கட்டுவதற்கு இடமுண்டு. அந்த முடிவு பிழையானது. தரம் 6 இல் வந்தவள் தரம் 11 இல் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதுவதற்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ அந்த ஆய்வு சொல்லும் கால அளவே. வீணாக்குவதற்கு ஒரு வருடமும் இல்லை.

அவள் வெறுங்கையோடு வரவில்லை என்பதை முதலில் பாருங்கள். சிங்களத்தின் சொல்லொழுங்கு தமிழின் சொல்லொழுங்கை ஒத்தது. வினை இறுதியில்தான் வரும். "எனக்குப் பசிக்கிறது" என்ற வாக்கிய அமைப்பு அவளுக்குப் புதியதல்ல, சிங்களத்திலும் அவள் அப்படித்தான் சொல்வாள். மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண், கடை, அக்கா போன்ற சொற்கள் சிறு ஒலி மாற்றத்தோடு இரு மொழிகளிலும் உண்டு. முதல் வாரச் சொற்பட்டியலை அவற்றிலிருந்து தொடங்கினால் அவளுக்குத் துணிவு வரும். எழுத்துமொழியும் பேச்சுமொழியும் வேறுவேறாக இருப்பதும் அவள் அறிந்ததே, ஏனெனில் சிங்களத்திலும் அந்த இடைவெளி பெரிது. ல-ள, ன-ண வேறுபாட்டையும் அவள் எழுத்துக்கூட்டலில் ஏற்கெனவே பயின்றிருக்கிறாள். அவற்றின் ஒலி இன்றைய சிங்களத்தில் ஒன்றாகிவிட்டதால், காதால் பிரித்தறிவதுதான் அவளுக்குக் கடினமாக இருக்கும்.

இடறும் இடங்களும் முன்கூட்டியே தெரிந்தவைதான். பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன், அவள் எல்லோருக்கும் வினைச்சொல் ஒரே வடிவில் நிற்கும்; ஆகவே தமிழின் வினைமுற்று விகுதிகள் அவளுக்குப் பெரிய தலையிடியாக இருக்கும். "அக்கா வந்தான்", "நான் போகும்" என்று அவள் சொல்வதைக் கேட்டுத்தான் உங்கள் மாணவர்கள் சிரிக்கிறார்கள் என ஊகிக்கிறேன். இரண்டாவது, எழுத்து. சிங்களத்தில் ககரத்தின் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழிலோ "கடல்", "தங்கம்", "அகலம்" மூன்றுக்கும் ஒரே "க" தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் கற்பிப்பதில்லை, காதுப்பழக்கத்தில் வந்துவிடுகிறது. அவளுக்கோ மெல்லெழுத்துக்குப் பின்னால் வரும் ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப ஆகியவற்றின் ஒலியை ஒரு விதியாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடம் முடிந்தபின் கிடைக்கும் சிறு இடைவெளிகளில் சில கிழமைகள் இதற்கென ஒதுக்கினால் அவளது உரத்த வாசிப்புத் தெளிவாகத் திருந்தும்.

பிழை விடும்போது வகுப்பின் முன் நிறுத்தித் திருத்த வேண்டாம். "அக்கா வந்தான்" என்று அவள் சொன்னால், "ஓ, அக்கா வந்தாளா? எப்போது வந்தாள்?" என்று பேச்சைத் தொடருங்கள், சரியான வடிவம் அவள் காதில் இரண்டு முறை விழும், அவள் சொல்லவந்த விடயமும் தடைப்படாது. வாய் திறக்காமல் இருப்பதைப் பற்றியும் இப்போதைக்கு அஞ்சவேண்டியதில்லை. புதிய மொழிச் சூழலுக்குள் வரும் பிள்ளைகள் பலர் முதற்சில மாதங்கள் கேட்டுக்கொண்டேயிருப்பார்கள். சுட்டிக்காட்டுதல், படத்துக்குப் பெயரிடுதல், ஒரு சொல்லில் விடை சொல்லுதல், பக்கத்திலிருப்பவளோடு சேர்ந்து வாசித்தல் என்று படிப்படியாக அவளைப் பேச்சுக்குள் கொண்டுவாருங்கள். பக்கத்தில் இருத்துவதற்கு வகுப்பின் முதலாம் பிள்ளையைத் தேடவேண்டாம். பொறுமையுள்ள பிள்ளை போதும்.

இன்னொரு வசதி நம் கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தும் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் கணிதம், விஞ்ஞானம் முதலிய பாடங்களுக்கான நூல்களை ஒரே பாடத்திட்டத்தின்படி சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடுகிறது. தரம் 6 சிங்களமொழிமூல நூல்களை அயற்பாடசாலை ஒன்றிலிருந்து கேட்டுப் பெறலாம், அல்லது திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். நாளை கற்பிக்கப்போகும் பாடத்தை இன்றிரவு சிங்களத்தில் வாசித்துவிட்டு வரும் பிள்ளை, வகுப்பில் கருத்தோடும் மொழியோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கருத்து தெரிந்திருக்கும், அதற்கான தமிழ்ச் சொற்களை மட்டும் பிடித்துக்கொள்வாள். உங்கள் பாடசாலையில் இரண்டாம் மொழிச் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியர் இருப்பாரானால் அவரது உதவியையும் கேளுங்கள். அந்தப் பாடவேளையில் மற்றப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக வாசிக்கும் வாய்ப்பு இவளுக்குக் கிடைக்கட்டும். அவளுக்கும் ஒன்று நன்றாகத் தெரியும் என்பதை வகுப்பு பார்க்கும் தருணம் அது. ஆனால் ஆசிரியர் வராத நாட்களில் அவளைக் கொண்டு பாடத்தை நடத்தும் வழக்கம் மட்டும் வந்துவிடக் கூடாது. நம் பாடசாலைகளில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நேரும் வழமையான தண்டனை அது.

இனி அதிபர் சொன்னதற்கு வருகிறேன். பேதம் பார்க்கக் கூடாது என்ற அவரது எண்ணம் மதிப்புக்குரியது. அதை நடைமுறையில் "எல்லோருக்கும் ஒன்றையே ஒரே விதமாகக் கொடுத்தல்" என்று விளங்கிக்கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது. "வீட்டில் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்கி வாருங்கள்" என்று முழு வகுப்புக்கும் ஒரே வீட்டுவேலையைக் கொடுக்கிறோம். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1977 இலும் 1983 இலும் வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள் கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் முதற்கொண்டு உங்கள் மாவட்டம் வரை பரந்திருக்கின்றன. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். அக்குடும்பத்துப் பாட்டி வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் அதற்குப் பேத்தி பொறுப்பாளியல்ல. எனினும் ஒப்பமில்லாத கொப்பிக்காக வகுப்பில் எழுந்து நிற்பவள் அவள்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, பெற்றோராகித் திரும்பியிருக்கிறார்கள். தாத்தாவுக்குச் சொந்தமான ஊர் பேரனுக்குப் புதிய இடம். இவற்றை அறிந்து, வேறுவேறு பிள்ளைகளுக்கு வேறுவேறு உதவி கொடுத்து, எல்லோரையும் ஒரே இலக்குக்குக் கொண்டுவருவதே பேதமற்ற நடத்தை என்று அதிபரிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். கற்றல் இலக்கைக் குறைக்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதிபர்கள் பெரும்பாலும் அஞ்சுவது அதற்குத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த மாணவனுக்கு வேண்டிய உதவி சிறியது, ஆனால் உடனே வேண்டியது. அங்கே அவன் முக்கோணம் என்று படித்தது இங்கே முக்கோணி. போகப்போக இயற்பியல் பௌதிகவியலாகவும் வேதியியல் இரசாயனவியலாகவும் அவன் முன் வரும். கலைச்சொற்களை இரு நிரல்களில் எழுதிய தாள் ஒன்றை அவனது கொப்பியில் ஒட்டிவிடுங்கள். அங்கே கல்வியாண்டு ஜூனில் தொடங்குவதால் பாடத்தில் எங்காவது இடைவெளி விழுந்திருக்கும். அதையும் ஒருமுறை பரிசோதியுங்கள்.

கேலியைப் பற்றிக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் கேலி பெரும்பாலும் பெரியவர்களிடம் கேட்டதன் எதிரொலி. "தோட்டக்காட்டான்" என்ற சொல் ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் வாயில் வருகிறதென்றால் அதை அவன் வீட்டிலோ வீதியிலோ கேட்டிருக்கிறான். சில வேளைகளில் ஆசிரியர் ஓய்வறையின் வாசலிலும் கேட்டிருக்கக்கூடும். "அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள்", "அந்தச் சோனகப் பெடியன்", "சிங்களத்தியின் மகள்" என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் அடையாளம் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இருக்கும்வரை வகுப்பறையில் செய்யும் உபதேசம் எடுபடாது. பிள்ளைகளுக்குப் பெயர் இருக்கிறது. வகுப்பைப் பொறுத்தவரை, இழிசொல் ஒன்று காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே, சுருக்கமாக, "இந்த வகுப்பில் இந்தச் சொல் இல்லை" என்று நிறுத்திவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். சொன்னவனைத் தனியே அழைத்துப் பின்னர் கதையுங்கள். நீண்ட பிரசங்கம் செய்தால் கேலிக்குள்ளான பிள்ளையே மறுபடியும் எல்லோரது பார்வைக்கும் இலக்காகிறாள்.

பேச்சுவழக்கைப் பொறுத்தவரை ஒரு பாடத்தையே இதற்கென நடத்தலாம். வகுப்பில் யாருடைய வீட்டுப் பேச்சும் பாடநூல்த் தமிழல்ல என்ற உண்மையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பாடநூலிலுள்ள ஒரு பந்தியைக் கொடுத்து, இதை உங்கள் அம்மம்மாவுக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு குழுவையும் எழுதச் சொல்லுங்கள். வன்னிப் பிள்ளை "போறன்" என்று எழுதும், மலையக வழிப் பிள்ளை "போறேன்" என்று எழுதும், நூலில் "செல்கிறேன்" என்றிருக்கும். கேலி செய்த பிள்ளையும் எழுத்துத்தமிழை வேறாகக் கற்கவேண்டியவன்தான் என்பது அப்போது அவனுக்கே தெரியும். பேச்சைத் திருத்தவேண்டாம், எழுத்தைத் திருத்துங்கள் என்பது நான் ஆசிரிய மாணவர்களுக்கு எப்போதும் சொல்லிவந்தது. தரமான எழுத்துத்தமிழ் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய உடைமை, அதைக் கற்பிக்கத் தயங்குவதும் அநீதியே.

ஆயினும் சொல்லிக்கொடுப்பதால் மட்டும் பிள்ளைகள் நெருங்கிவிடுவதில்லை. ஒருவர் மற்றவருக்குத் தேவைப்படும் வேலையைக் கொடுக்க வேண்டும். 1971 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில், வெள்ளையின, கறுப்பின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் இருத்தப்பட்டுச் சண்டைகள் மூண்டிருந்த வேளையில், எலியட் அரொன்சன் என்ற உளவியலாளர் எளிய முறையொன்றை அமைத்துக் கொடுத்தார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுப்பது. தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குக் கற்பிப்பது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. முழுப் பாடத்திலும் பரீட்சை உண்டு. தடுமாறிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்தால் கேலி செய்தவனுக்குத்தான் புள்ளி குறையும். ஆகவே அவளிடம் நிதானமாகக் கேள்வி கேட்டு விடயத்தை வாங்கப் பழகுகிறார்கள்.

இதை வன்னியில் செய்வதற்குக் குளத்தைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தெரியவில்லை. ஒருவருக்கு அணைக்கட்டும் துருசும் (தண்ணீர் திறந்துவிடும் மதகு), இன்னொருவருக்கு வானும் (மிகை நீர் வழிந்தோடும் இடம்) வாய்க்கால்களும், மற்றொருவருக்குக் காலபோகம், சிறுபோகம் என்ற இரு நெற்செய்கைப் பருவங்களும், நான்காமவருக்குத் தண்ணீர் பங்கிடுவதில் கமக்காரர் அமைப்பின் பங்கு என்று பிரியுங்கள். அநுராதபுரத்திலிருந்து வந்த பிள்ளைக்குக் குளம் புதியதல்ல. காலபோகத்தை "மஹ" என்றும் சிறுபோகத்தை "யல" என்றும் துருசைச் "சொரொவ்வ" என்றும் அறிந்தே வந்திருப்பாள். போகங்களைப் பற்றிய துண்டை அவளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கொடுங்கள். மற்றக் குழுக்களில் அதே துண்டைப் பெற்றவர்களோடு ஒருமுறை கூடியிருந்து சொல்லிப்பார்த்த பின்னரே தன் குழுவுக்கு அவள் கற்பிக்கட்டும். முதல் முறை குழப்பமாகத்தான் இருக்கும். கைவிடாமல் பல பாடங்களுக்குத் தொடர்ந்து செய்யுங்கள். குழுக்களை நீங்களே அமையுங்கள், பிள்ளைகளிடம் விட்டால் பழைய கூட்டுகளே திரும்பவும் சேரும். சகோதர இனப் பாடசாலையோடு ஒருநாள் பரிமாற்ற விழாக்கள் நடத்துவதில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. நடனமும் மதிய உணவும் புகைப்படமும் முடிந்தபின் பிள்ளைகள் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமலே பேருந்தில் ஏறிவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பன்மைத்தன்மையை மதிக்கும் ஆர்வத்தில், "உங்கள் ஆட்கள் இதை எப்படிச் செய்வார்கள்?" என்று ஒரு பிள்ளையை எழுப்பி அவளது சமூகம் முழுவதற்கும் பேச்சாளராக்கிவிடக் கூடாது. பதினொரு வயதில் அவளுக்குத் தெரிந்தது அவளது வீடு மட்டுமே. "எங்கள் குடும்பம்", "நாங்கள் இங்கு வந்த கதை" போன்ற கட்டுரைத் தலைப்புகளையும் கட்டாயமாக்காதீர்கள். 2009 இல் என்ன நடந்தது, 1990 இல் என்ன நடந்தது என்பவை வன்னி வீடுகள் பலவற்றில் பிள்ளைகளுக்கு முன்னால் பேசப்படாதவை. பேசப்படும் வீடுகளிலும் அவற்றை வெளியே சொல்வதா இல்லையா என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்கும். எப்போதும் மாற்றுத் தலைப்பொன்றைச் சேர்த்தே கொடுங்கள்.

சமய விடயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை நாட்காட்டி நோன்பு மாதத்தை ஒட்டி அமைகிறது, உங்களுடையது அப்படியல்ல. ஆகவே நோன்புக் காலத்தில் உடற்கல்வியையும் பரீட்சைகளையும் வைக்கும் நேரத்தை முன்னரே யோசியுங்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் செல்லும் பிள்ளைகள் தவறவிடும் பாடம் எப்போதும் ஒரே பாடமாக இராதபடி நேரசூசியை மாற்றுங்கள். சைவநெறிப் பாடவேளையில் இஸ்லாம் படிக்கும் பிள்ளைகள் பின்வரிசையில் சும்மா இருப்பது பல பாடசாலைகளில் நடக்கிறது. மௌலவி ஆசிரியர் இல்லையென்றால் வலயக் கல்வி அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாணி விழாவில் திருநீறு பூசுவதோ பிரசாதம் உண்பதோ எந்தப் பிள்ளைக்கும் கட்டாயமாகக் கூடாது; மரியாதையோடு உடனிருந்தால் போதுமானது.

கடைசியாகப் புள்ளி. இரக்கப்பட்டு மேலதிகப் புள்ளி போடாதீர்கள். அது அவளையும் அடுத்த ஆசிரியரையும் ஏமாற்றும். அதற்குப் பதிலாக, எதைச் சோதிக்கிறீர்களோ அதற்கு மட்டும் புள்ளி கொடுங்கள். கணித வினாவை ஒருமுறை வாசித்து விளங்கவைத்தபின் அவள் சரியாகச் செய்தால் முழுப்புள்ளி அவளுக்கு உரியது. விஞ்ஞானத்தில் படம் வரைந்து பெயரிடும் விடைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். முதலாம் தவணையில் சிங்களத்தில் எழுதிய சொல்லையும் இரண்டாம் மொழி ஆசிரியர் பார்த்துச் சரியென்றால் ஏற்கலாம். தமிழ்ப் பாடத்தில் மட்டும் மொழியையே அளவிடுகிறோம். அங்கே வகுப்பின் சராசரியோடு ஒப்பிடாமல், சென்ற தவணையில் அவள் எழுதியதோடு ஒப்பிட்டு முன்னேற்ற அறிக்கையில் இரண்டு வரி எழுதுங்கள். அந்த வரிகள் சிங்களத்திலும் தாய்க்குப் போய்ச் சேரவேண்டும். தேசியப் பரீட்சையில் இத்தகைய சலுகைகள் இராது என்பதால் இவற்றைத் தவணைக்குத் தவணை குறைத்துக்கொண்டே வந்து, தரம் 9 அளவில் அவள் தானே தமிழில் எழுதும் நிலைக்கு வரவேண்டும் என்று திட்டமிடுங்கள். பரீட்சை நெருங்கிய பிறகு இந்த ஒழுங்குகளைக் கேட்டால் அதிபர் தயங்குவார். இப்போதே அவரோடு கதைத்து, ஆசிரிய ஆலோசகருக்கும் அறிவித்து, என்னென்ன செய்கிறீர்கள் என்பதை அவளது கோவையில் எழுதி வையுங்கள். வரும் ஆண்டு அவளைப் பொறுப்பேற்கும் ஆசிரியர் மீண்டும் முதலிலிருந்து தொடங்காமல் அந்த இடத்திலிருந்து தொடரலாம்.